ஒரு மீற்றர் பன்னிரண்டு

சரி, பொறாமைதான். ஒத்துக்கொண்டேன், போதுமா? ஆனால் அந்தக் கவுண்டரை ஒருமுறை பார்த்திருந்தால் நீங்கள் இவ்வளவு லேசாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். மார்க்ஸ் டோர்முவாப் பகுதியில் ஐம்பது வருடம் ஓடிய ஒரு கபேயின் கவுண்டர் அது. முழுக்க ஓக் மரம். முன்பக்கம் ஆறு பலகை, ஒவ்வொரு பலகையிலும் ஒரு திராட்சைக்குலை செதுக்கியிருந்தது. மேலே துத்தநாகத் தகடு. ஐம்பது வருட முழங்கைகள் தேய்த்துத் தேய்த்து மங்கல் வெள்ளியாகியிருந்தது. கபேக்காரர் எமில் கடையை மூடும்போது, சனிக்கிழமைக்குள் தூக்கினால் உன்னுடையது, இல்லாவிட்டால் உடைத்துக் கொட்டிவிடுவார்கள் என்றார். நான் வெள்ளிக்கிழமையே தூக்கிவிட்டேன்.

நான் பேர்ளி. பகலில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அரை மில்லிமீற்றர் பிசகாமல் அளப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சிரிக்க உதவும். மிச்ச நேரமெல்லாம் கார்ஜ் புறநகரில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள நிலவறையில்தான் கிடப்பேன். மற்றவர்கள் அதற்குள் சைக்கிளும் அரிசி மூட்டையும் வைப்பார்கள். நான் ஆட்கள் தெருவில் கழித்துவிட்ட கதிரைகளையும் அலுமாரிகளையும் வைத்திருக்கிறேன். பழைய பெயின்றைச் சுரண்டி, ஆடுகிற காலை இறுக்கி, உடைந்த மேசை லாச்சிக்குப் புது அடி போட்டு எழுப்பி விடுவேன். அம்மாவுக்கு மட்டும் அது இன்றுவரை குப்பைதான்.

"பேர்ளி, உதுகளை ரெயினிலை கொண்டு வராதை. எங்கடை ஆக்கள் கண்டால் இவைக்குக் கதிரை வாங்கவும் வழியில்லை எண்டு கதைப்பினம்."

தாட்சாயினி எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து சிநேகிதி. இந்த வேலையை அவளுக்குப் பழக்கியது நான். எந்தத் தாளால் தேய்ப்பது, எந்த மரத்துக்கு எந்த எண்ணெய், எல்லாம் நான். பிறகு என்ன நடந்தது தெரியுமா? என் கையில் சான்ட்பேப்பர், அவள் கையில் ஃபோன். நான் தேய்ப்பேன், அவள் வீடியோ எடுத்துப் பின்னால் தன் குரலைப் போடுவாள். இப்போது அவளைப் பின்தொடர ஒன்பதாயிரம் பேர். என்னை நூற்று நாற்பது பேர், அதில் பாதி மன்னாரில் இருக்கும் சொந்தக்காரர்.

இப்படி இருக்கும்போதுதான் ஞானசுந்தரம் அங்கிள் எங்களைக் கூப்பிட்டார். ரூ பெர்தொனே தெருவில் அவர் ஒரு புது நகைக்கடை திறக்க இருந்தார். மற்றக் கடைகளில் உள்ளது போல அலுமினியமும் லைற்றும் வேண்டாம், பழைய சாமானில் ஒரு கவுண்டர் வேண்டும் என்றார். தாட்சாவின் வீடியோவைப் பார்த்துத்தான் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை. அந்தக் கவுண்டர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி நிற்கும். சனி ஞாயிறென்றால் வெளியூர்களில் இருந்து வருகிற எங்கள் சனம் முழுவதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அம்மாவும்தான். எனக்கு அந்த இடம் வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எமிலின் கவுண்டரை வைப்போம் என்றேன். தாட்சா முகத்தைச் சுழித்தாள்.

"நகைக்கடைக்குள்ளை பாரையோ வைக்கப் போறாய்?"

"பார் இல்லையடி, ஓக்."

"ஓக் எண்டாலும் பார்தான். நான் ரெண்டு தையல் மிசின் கண்டு வைச்சிருக்கிறன். காலாலை மிதிக்கிறது. அதுகளின்ரை இரும்புக் கால்களுக்கு மேலை ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, அதுக்கு மேலை கண்ணாடி. எப்பிடி?"

"கதவிலை நகை வைச்சால் சனம் தட்டிப்போட்டு உள்ளுக்கு வரப் பாக்கும்."

"பகிடி விடாதை. நீ செய்யிறதுதான் வடிவு எண்டு ஆர் சொன்னது?"

அங்கிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் பிள்ளையள் சண்டை பிடிக்கிறியள்? ரெண்டையும் செய்து கொண்டுவாங்கோ. மூண்டு கிழமையாலை வாற ஞாயிற்றுக்கிழமை பாத்து ஒண்டை வைப்பம். அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு."

மூன்று கிழமை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அளவு சரியாக இருக்க வேண்டும் என்று ஒபேராப் பக்கம் போய் நான்கு பிரெஞ்சு நகைக்கடைகளுக்குள் ஏறி இறங்கினேன். மோதிரம் பார்ப்பது போல நின்று, கவுண்டர் என் இடுப்புக்கு எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்தேன். என்னுடையது ஒரு மீற்றர் பன்னிரண்டு. அவர்களுடையதும் ஏறக்குறைய அதுதான். துள்ளிக்கொண்டு வந்தேன். திராட்சைக் குலைகளின் இடுக்கில் இருந்த அழுக்கைப் பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். மெழுகு பூசினேன். தகட்டை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். கைத்தோல் உரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லியோனலின் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், கடைக்குள் வைத்துப் பொருத்தி, மேலே மூடியிருந்த துணியை இழுத்தேன். அங்கிள் வாயைப் பிளந்தார்.

"எங்கை பிள்ளை இதை எடுத்தனி? அரண்மனையிலையோ?"

தாட்சாகூட ஃபோனைக் கீழே இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டு, "ஸே போ," என்றாள். அழகாயிருக்கிறதாம். அவள் வாயால். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் என்னைக் கெட்டவள் என்பீர்கள்.

அப்போதுதான் தில்லைநாயகி அன்ரி உள்ளே வந்தார், அங்கிளின் மனைவி. கையில் நகைத் தட்டு. தட்டை அங்கிளிடம் கொடுத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து வாங்குகிறவர்களின் பக்கத்தில் போட்டுப் பழக்கப்படி அதில் இருந்தார். இருந்ததும் ஆளைக் காணவில்லை. கொண்டை மட்டும் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ," என்றது கொண்டை. "உங்களைக் காணேல்லை."

அங்கிள் தராசைத் தூக்கிக் கவுண்டரின் மேலே வைத்தார். "இப்ப தராசு தெரியுதோ?"

"திராட்சைப்பழம் தெரியுது."

லியோனல் என்னைக் காப்பாற்றப் பார்த்தான். "உயரக் கதிரை போடலாம் அன்ரி. பாருகளிலை இருக்கிற மாதிரி."

"சீலையோடை நான் அதிலை ஏறுறதோ? கொழுவுப்பட்டு விழுந்தால் ஆர் தூக்கிறது? நீயோ?"

அங்கிள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, தாலிக்கொடி எடுக்க வாறவை மூண்டு மணித்தியாலம் இருப்பினம். மாமி வருவா, சித்தி வருவா, எல்லாரும் ஒவ்வொண்டா நெருடிப் பாப்பினம். தேத்தண்ணி குடிப்பினம். நிறுக்கேக்கை தராசு அவையின்ரை கண்ணுக்கு நேரை இருக்க வேணும், இல்லாட்டிச் சந்தேகம் வந்திடும். நிண்டுகொண்டு ஆர் எங்கடை ஆக்கள் நகை எடுக்கிறது?"

இதில் கேவலம் என்னவென்றால், எனக்கு இது தெரியும். சின்ன வயதில் அம்மாவும் பெரியம்மாவும் இதே தெருவில் நகை பார்த்துக்கொண்டிருக்க, அந்த மேசைகளின் கீழேதான் நான் நித்திரை கொள்வேன். யாருடைய செருப்பு எப்படி என்றுகூட ஞாபகம் இருக்கிறது. அப்படியிருக்க நான் போய் ஒபேராவில் அளந்துவிட்டு வந்திருக்கிறேன்! மில்லிமீற்றர்க்காரி. இப்போது சிரியுங்கள்.

பிறகு தாட்சாவின் மேசை வந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு இரும்புக் கால்கள், மேலே படுக்கப் போட்ட வெள்ளைக் கதவு, அதன் சட்டங்களுக்குள் சிவப்பு வெல்வெற், அதற்கு மேலே கண்ணாடி. உயரம் எழுபத்தாறு சென்றிமீற்றர். அன்ரி இருந்தார். முழங்கைகளை மேலே வைத்தார். கீழே மிதி இருந்ததால் கால் தானாக அதில் ஏறியது. தையலூசி ஒன்றும் இல்லை, ஆனால் சில்லு சுழன்றது. தறக், தறக், தறக்.

"இது நல்லாயிருக்கே," என்றார் மிதித்துக்கொண்டே. "இஞ்சாருங்கோ, அந்த அட்டியலை எடுங்கோ பாப்பம்."

முடிந்தது. அங்கிள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தாட்சா உடனே ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள். நான் சிரித்துக்கொண்டு மேசையைத் தடவிப் பார்த்தேன். எல்லாரும் பார்க்கும்போது தடவிச் சிரிக்கத்தானே வேண்டும்.

அப்போதுதான் என் விரலில் அது பட்டது. கதவின் ஓரத்தில், சரியாக நடுவில், பூட்டு இருந்த இடம். பழைய கதவில் பூட்டுக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள், வெளியே ஒரு சுண்டுவிரல் தடிப்புத்தான் மிஞ்சும். தாட்சா அந்தக் குழியைப் புட்டிப் பசை போட்டு நிரப்பி வெள்ளை அடித்திருந்தாள். பார்க்க நன்றாயிருக்கும், பாரம் தாங்காது. இரும்புக் கால்கள் இரண்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். நடுவில் தாங்க ஒன்றுமில்லை. மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே மூன்று மணித்தியாலம் முழங்கைகள், கீழே தறக் தறக். வெடிக்கும். எப்போது என்பதுதான் தெரியாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வானில் திரும்பும்போது லியோனலிடம் கத்தினேன். "அவை ரெண்டு குடும்பமும் ஒரே கோயில் ஆக்கள். நாங்கள் வேதக்காரர். அதுதான்."

"அங்கிள் உயரம்தான் குறை எண்டு தமிழிலைதானே சொன்னவர்," என்றான். அன்று பின்னேரம் அவளுடைய வீடியோவைப் பார்க்கக் கூடாது என்று ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். நாலு தரம் நிமிர்த்தினேன். ஆயிரத்து இருநூறு லைக். என் கவுண்டர் ஒரு மூலையில் அரை செக்கன் வந்து போனது, துணி மூடியபடி.

புதன்கிழமை மத்தியானம் தாட்சா கூப்பிட்டாள். நான் ஒரு கிழவரின் மூக்கில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பேர்ளி, மேசை வெடிச்சிட்டுது. நடுவிலை, விரல் நீளத்துக்கு. கண்ணாடியும் சரியுது. வெள்ளி திறப்படி. வந்து பாக்கிறியா?"

"எனக்கு வேலை இருக்கு."

"பின்னேரம் வாவன்."

"பின்னேரமும் வேலை."

அவள் "சரி," என்று வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் எனக்கு உண்மையாகவே வேலை இருந்தது. என் தலைக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தாறைக் கழித்தால் எழுபத்தாறு. கீழ்ப்பக்கத்தை அரிந்துவிட்டால் என் கவுண்டரும் இருந்து பார்க்கிற உயரம். நாளைக்குக் கொண்டுபோவேன், அவளுடையது வெடித்துக் கிடக்கும், என்னுடையது திராட்சைக் குலையோடு நிற்கும். லியோனல் ஒரு தரம் கேட்டான். "ஓக் எண்டு அந்தளவு குதிச்சாய். உண்மையா அரியப் போறியோ?" நான் மின்வாளைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

அரிந்து விழுந்த பகுதியின் அடிப்பலகை மட்டும் இரண்டு மீற்றர் நீளம், நான்கு விரல் தடிப்பு. நிலவறையில் வைக்க இடமில்லை. அதையும் வானுக்குள் எறிந்தோம்.

வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். கடையின் கதவைத் திறந்தால், தாட்சா மேசைக்குக் கீழே மல்லாந்து கிடந்து, வெடிப்புக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், பிறகு பின்னால் லியோனல் தள்ளுவண்டியில் உருட்டி வந்த கவுண்டரைப் பார்த்தாள். அதன் உயரத்தைப் பார்த்தாள்.

"மாத்தவோ வந்தனி?"

"அங்கிள்தான் சொல்ல வேணும்," என்றேன். எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரிச் சொன்னேன் தெரியுமா?

அங்கிள் முகம் மலர்ந்துவிட்டது. கர்த்தர்தான் உன்னை அனுப்பினவர் என்று எனக்காகப் பகிடியும் விட்டார். கவுண்டரை வெளிச்சத்தில் வைத்தோம். தராசை வைத்தார். அன்ரி கதிரையை இழுத்தார். தலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, எல்லாம் தெரிந்தது. அன்ரி நகையைக் கிட்டப் பார்ப்பதற்குக் கதிரையை முன்னால் தள்ளினார்.

டொக்.

"ஐயோ, என்ரை சில்லு!"

முழங்கால் சில்லு. முன்பக்கம் முழுவதும் பலகை அல்லவா? ஆறு திராட்சைக் குலை! கால் போக ஒரு இடுக்குக் கிடையாது. நின்று குடிக்கிறவர்களுக்குச் செய்த சாமானுக்கு முழங்கால் எதற்கு? அன்ரி பக்கவாட்டில் திரும்பி இருந்து பார்த்தார், குதிரையில் இருப்பது போல. கதிரையைத் தள்ளிப் போட்டுக் குனிந்து பார்த்தார். கடைசியில் முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்பிப் போய்த் தாட்சாவின் மேசையில் இருந்தார். தறக், தறக்.

"அன்ரி, மிதிக்காதேங்கோ!" என்று கீழேயிருந்து தாட்சா கத்தினாள்.

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசம். நான் வெளியே வந்து வானுக்குள் ஏறி இருந்தேன். பக்கத்தில் அந்த அடிப்பலகை. நான் என்ன நினைத்தேன் என்று சொல்லட்டுமா? வீட்டுக்குப் போவோம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு அந்த மேசை எல்லாருக்கும் முன்னால் உடையட்டும் என்றும் நினைத்தேன். பிறகு கண்ணாடி எங்கே விழும் என்று நினைத்தேன். அன்ரியின் மடியில். அவரின் அந்தச் சில்லுக்கு மேலே.

பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கதவுக்குக் கீழே, ஒரு இரும்புக் காலில் இருந்து மற்றக் கால்வரைக்கும் அது அளவெடுத்துச் செய்தது போல நின்றது. தாட்சா ஒரு நுனியைத் தூக்கிப் பிடிக்க, நான் திருகாணி இறுக்கினேன். இருவரும் மல்லாந்து படுத்திருந்தோம். மூக்குக்கு மேலே மரத்தூள் கொட்டியது.

"ஞாயிற்றுக்கிழமையே கண்டனான்," என்றேன். "அந்தப் புட்டியை. சொல்லேல்லை."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நீ விரலாலை தடவி, நிண்டு, திருப்பித் தடவுறாய். வீடியோவிலை வடிவா இருக்கு. நேற்று வெடிச்சாப் பிறகுதான் திருப்பிப் போட்டுப் பாத்தனான்."

"பாத்திட்டுமோ என்னைக் கூப்பிட்டனி?"

"வேறை ஆருக்கு உது தெரியும்?" என்றாள். பிறகு, "உனக்குப் பொறாமையடி," என்றாள், இன்றைக்கு மழை என்பது போல.

"இல்லை," என்றேன். "திருகாணியைத் தா."

மிதியைச் சில்லோடு கொழுவியிருந்த கம்பியைக் கழற்றிவிட்டால் ஆட்டம் குறையும் என்றேன். அன்ரி விடவில்லை. கால் சும்மா இருந்தால் தனக்கு இருப்புக்கொள்ளாதாம். அதனால் பின்பக்கத்தில் இன்னொரு குறுக்குச் சட்டம் போட்டேன், அதுவும் என் ஓக்தான். அன்ரி முழங்கை இரண்டையும் ஊன்றி மிதித்தார். கண்ணாடி அசையவில்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு. குத்துவிளக்கு, கற்கண்டு, தெருவரைக்கும் சனம். என் கவுண்டர் பின்னறை வாசலில் நின்றது, அதன் மேலே பலகாரத் தட்டுகள். அம்மா வந்தார். நேரே போய்த் தாட்சாவின் மேசையில் இருந்து, ஒரு சோடித் தோட்டைக் கையில் எடுத்து, காலை மிதியில் வைத்தார்.

"நல்ல மேசை," என்றார். "தாட்சா கெட்டிக்காரி."

தாட்சா உடனே சொன்னாள், அதையும் நான் மறைக்கக் கூடாது. "அன்ரி, கீழை இருக்கிற பலகை பேர்ளியின்ரை. அது இல்லாட்டி இது நிக்காது."

"பலகைதானே," என்றார் அம்மா.

"கீழை குனிஞ்சு பாருங்கோவன் அம்மா," என்றேன்.

"விசரே உனக்கு? இந்தச் சனத்துக்கை ஆர் கீழை குனியிறது?" என்றவர், தோட்டைக் காதருகில் பிடித்துக் கண்ணாடியைத் தேடினார். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் காலைப் பார்த்துக்கூடப் பொறாமை வந்தது.

சனம் குறைந்த பிறகு தாட்சா என்னை இழுத்துக்கொண்டு பின்னறை வாசலுக்குப் போனாள். பலகாரத் தட்டுகளைத் தள்ளிவிட்டு, கவுண்டரின் முன்னால் குந்தியிருந்து, நடுவில் உள்ள இரண்டு திராட்சைக் குலைகளையும் தட்டினாள்.

"இந்த ரெண்டு பலகையையும் வெட்டி எடு. முழங்கால் போகும். மற்ற நாலும் ரெண்டு பக்கத்திலையும் நிக்கும். அங்கிளிட்டைக் கேட்டிட்டன். கடைக் கண்ணாடிப் பக்கம், மேசைக்குப் பக்கத்திலை, இன்னொரு கவுண்டருக்கு இடம் இருக்காம்."

கண்ணாடிப் பக்கம். தெருவைப் பார்த்தபடி. எனக்கு வேண்டியிருந்த அதே இடம்.

ஏற்கனவே ஒருமுறை அரிந்துவிட்டேன், முப்பத்தாறு சென்றிமீற்றர், அதை நினைத்தால் இன்னும் பல் கூசுகிறது. இப்போது நடு நெஞ்சில் இரண்டு பலகை. அதுகூடப் பரவாயில்லை. யோசனை அவளுடையது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரியான யோசனை வேறு. நான் இரண்டு முறை அளந்தும் காணாததை அவள் குந்தியிருந்து தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வெட்டி வைத்தால் அம்மா அதில் இருப்பார், யார் செய்தது என்று கேட்பார், தாட்சா தன் யோசனை என்று வீடியோவில் சொல்லத்தான் போகிறாள். பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். மின்வாளின் பிளக்கைச் செருகியும் விட்டேன். நீங்கள் என்றால் வெட்டுவீர்களா? சொல்லுங்களேன், வெட்டட்டுமா?